துக்க விடுமுறை

குளிர்பெட்டியின் மின்கம்பி சுவரிலிருந்த பிளக்குக்கு எட்டவில்லை என்று பெரியவர் குனிந்து இழுத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பெரியவர்; அவருடைய மனைவி; இறந்துபோன தம்பியின் மனைவி; தம்பியின் மகள்; ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர்; குடும்பம் முழுவதும் ரேடியோ என்று அழைக்கும் சித்தப்பா மகன். பெட்டிக்குள் தம்பி. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள்.

"ஏம்ப்பா, வேற நீளமான ஒயர் இருக்கா பாரு" என்றார் பெரியவர்.

"இந்த வீட்ல ஒயர் எங்கண்ணே இருக்கும்? விதைப் பாக்கெட் வேணும்னா இருக்கும்" என்றான் ரேடியோ.

பெரியவர் பெட்டியையே ஓரமாகத் தள்ளி, கம்பியை மாட்டினார். தீயணைப்புத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிகிற கட்டிடத்தின் முன்னால் நின்று ஆட்களை ஏவியவருக்கு ஒரு பிளக்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அதிலேயே பாதி எரிச்சல் வந்துவிட்டது.

மீதி எரிச்சல் பழையது. தம்பியை மருத்துவம் படிக்க வைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். தம்பி பூசணியில் டாக்டர் பட்டம் வாங்கினான். கல்யாண வீடுகளில் விஷயம் தெரியாதவர்கள் முழங்காலை நீட்டி, "டாக்டர், இங்க ஒரு குத்தல்" என்பார்கள். தெரிந்தவர்கள் "பூசணி டாக்டர்" என்று சிரிப்பார்கள். தம்பியும் கூடச் சேர்ந்து சிரிப்பான். பெரியவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

நேற்று மாலை தம்பி வயலிலிருந்து வந்து, கை கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சை அடைக்கிறது, கொஞ்சம் தண்ணீர் கொடு என்று மகளிடம் கேட்டிருக்கிறான். அவள் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவுதான். எதையும் சொல்லாமல் செய்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "நிலையத்துக்கு இன்னைக்கு முழு லீவு விட்டுட்டேன் சார். கேட்டையே பூட்டியாச்சு. அவர் நினைவா இன்னைக்கு ஒரு ஆள்கூட மண்வெட்டியைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

தம்பியின் மனைவி தலையை நிமிர்த்தினாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"பூட்டிட்டீங்களா?"

"ஆமாம்மா. சர்க்குலர் போயாச்சு."

"சார், பூ கட்டி வச்சிருக்கு."

"எந்தப் பூம்மா?"

"காட்டுக்கொடியில."

இயக்குநர் பெரியவரைப் பார்த்தார். துக்கத்தில் ஏதோ பேசுகிறாள், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவள் எழுந்து, பெரியவரை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள்.

"மாமா, நான் வயலுக்குப் போகணும். ஒரு மணி நேரத்துல வந்துருவேன்."

"என்னம்மா பேசற நீ?"

அவளும் அதே நிலையத்தில் பயிர் நோய்களைப் பார்க்கிற ஆராய்ச்சியாளர். விளக்கிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு உண்டு. அந்த நேரத்திலும் விளக்கினாள். நாட்டுப் பூசணியில் இலையெல்லாம் தேமல் விழுந்து கொடியே சுருண்டுபோகிற வைரஸ் நோய் வருகிறது. காட்டில் வளரும் அதன் இனமான காட்டுக்கொடிக்கு அது வருவதில்லை. இரண்டையும் கலந்து ஒரு ரகம் எடுக்கத்தான் இத்தனை வருஷமும் போராட்டம். காட்டுக்கொடியில் ஆண் பூ மட்டுமே வந்துகொண்டிருந்தது. அதன் மகரந்தத்தை நாட்டுப் பூசணியில் வைத்துப் பார்த்தார்கள். பிஞ்சு எல்லாம் உதிர்ந்தது. மாற்றி வைத்துப் பார்க்கக் காட்டுக்கொடியில் பெண் பூ வேண்டும். அது இந்த வாரம்தான் வந்திருக்கிறது.

"நேத்து சாயங்காலம் மொட்டுக்கெல்லாம் கிளிப் போட்டு மூடிட்டு வந்தாரு, வண்டு நுழையாம இருக்க. இன்னைக்குக் காலையில திறந்து மகரந்தம் வைக்கணும். வெயில் ஏறினா பூ வாடிரும். நாளைக்கு இருக்காது."

"தோட்டத்து ஆளுங்க வைக்கட்டும்."

"அவங்களுக்குத்தான் லீவு விட்டாச்சே."

"உன் மகளை அனுப்பு."

"அவளுக்கு ஆண் பூ எது, பெண் பூ எதுன்னே தெரியாது மாமா."

"அப்படின்னா விடு. உள்ள உன் புருஷன் படுத்திருக்கான். நீ பூவுக்குப் போறேங்கற. நாலு பேர் என்ன பேசுவாங்க? இந்த வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கா இல்லையா?"

பேசி முடித்துவிட்டோம் என்று பெரியவர் கூடத்துக்குத் திரும்பினார். அங்கே இயக்குநர் மடித்த தாளை விரித்து, அடக்கத்தின்போது வாசிக்கப்போகிற இரங்கலுரையை ரேடியோவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"...வெற்றி கிட்டாவிட்டாலும் கடைசி மூச்சுவரை விடாது உழைத்த..."

"நிறுத்துங்க" என்றார் பெரியவர். "அதைத் திரும்பப் படிங்க."

இயக்குநர் குரலைத் தாழ்த்தித் திரும்பப் படித்தார்.

"வெற்றி கிட்டலைன்னு யார் சொன்னது?"

"தப்பா நினைக்காதீங்க சார். இந்தப் பருவத்தோட அந்தத் திட்டத்தையே மூடறாங்க. இதுவரைக்கும் ஒரு காய்கூட நிக்கலையே."

"ஊருக்கே தெரிஞ்ச கதைதானேண்ணே" என்றான் ரேடியோ. "பாவம், பூசணிக்காயோடயே போச்சு அவன் காலம்."

பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. அவர் தம்பியைத் திட்டலாம். நாற்பது வருஷமாகத் திட்டியிருக்கிறார். அது வீட்டுக்குள். தோற்றுப்போனவன் என்று தாளில் எழுதி, நாலு பேர் முன்னால் வாசித்து, அதற்கு அண்ணன்காரன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பதா?

அவர் தம்பியின் மனைவி பக்கம் திரும்பினார். "செருப்பைப் போடும்மா."

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் பின்பக்கம் நடந்தாள்.

"அங்க எங்க போற? முன்வாசல் இருக்கில்ல."

"என்னங்க இது, ஆளுங்க வர்ற நேரம்!" என்று அவர் மனைவி பதறினாள்.

"வந்தா உட்காரச் சொல்லு. அவன் எங்கயும் போயிரமாட்டான்." பிறகு இயக்குநரிடம், "வாட்ச்மேனுக்குப் போன் போடுங்க" என்றார்.

"சார், சர்க்குலர்..."

"நீங்க போட்டதுதானே? நீங்களே எடுங்க."

பெரியவரே காரை ஓட்டினார். நிலையத்தின் வாசலில் வாட்ச்மேன் காரின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார்.

"டைரக்டர் போன் பண்ணாரு சார். ஆனா எழுத்துல ஒண்ணும் வரலியே. துக்க நாள்னு கேட்டைப் பூட்டச் சொல்லி எழுத்துல வந்திருக்கு."

"யார் செத்ததுக்குத் துக்கம்?"

"நம்ம பூசணி ஐயாவுக்கு."

"இவங்க அவன் சம்சாரம். நான் அண்ணன். இதுக்கு மேல எழுத்துல வேணுமா?"

வாட்ச்மேன் அவளை அப்போதுதான் பார்த்தார். சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார்.

வயல் முழுக்க நாட்டுப் பூசணி மஞ்சளாக விரிந்து கிடந்தது. தேனீக்களுக்கு எந்தச் சர்க்குலரும் போகவில்லை. கடைசிப் பாத்தியில், கம்பிப் பந்தலில் காட்டுக்கொடி மெலிந்து ஏறியிருந்தது. அதில் மூடிய மொட்டுகளின் நுனியில் கறுப்பாக என்னவோ இருந்தது. பெரியவர் உற்றுப் பார்த்தார். பெண்கள் தலையில் குத்துகிற கிளிப்.

"என்னோடதுதான்" என்றாள் அவள். "வீட்ல ஒண்ணு மிஞ்சாது. வாங்கி வச்சா மறுநாளே இங்க வந்துரும். கேட்டா, இதைவிட நல்லது மார்க்கெட்ல இல்லம்பாரு. எத்தனை சண்டை!"

நாட்டுக்கொடியில் கிளிப் போட்டிருந்த ஆண் பூக்களைக் காட்டி, பறித்து இதழ்களை உரித்துத் தரச் சொன்னாள். "நடுவுல இருக்கிற தண்டைத் தொடாதீங்க. அதுலதான் மகரந்தம்." பெரியவர் உரித்தார். பூசணி இலையின் சுணை மணிக்கட்டில் அரித்தது. வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. முதல் பூ அவர் விரலிலேயே நசுங்கியது.

"அது வேண்டாம். அடுத்தது."

அவருக்கு யாரும் அந்தக் குரலில் ஆணையிட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அடுத்ததை எடுத்தார்.

காட்டுக்கொடியில் பெண் பூ மூன்றுதான். ஒன்றில் கிளிப் நழுவியிருந்தது, உள்ளே வண்டு. "இது போச்சு" என்று கிள்ளி எறிந்தாள். இரண்டாவதைத் திறந்து, மகரந்தத் தண்டை நடுவில் சுற்றித் தடவி, மறுபடி மூடினாள். சுத்தமான, பழகிய கை. மூன்றாவதைத் திறக்கும்போது அந்தக் கை நடுங்கியது. மார்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். நிற்கவில்லை.

"நீங்க பண்ணுங்க மாமா."

"எனக்கு என்ன தெரியும்?"

"தேய்க்காதீங்க. தடவுங்க. சுத்தி எல்லாப் பக்கமும் படணும்."

பெரியவர் பந்தலுக்குக் கீழே மண்டியிட்டார். தடவினார். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத பிஞ்சு, பூவின் அடியில் ஆடியது. மூச்சை அடக்கிக்கொண்டே இதழ்களைச் சேர்த்துக் கிளிப்பைப் போட்டார்.

அவள் காகித அட்டையில் இரண்டு கொடிகளின் பெயரும் தேதியும் எழுதினாள். "உங்க பேர்ல முதல் எழுத்துப் போடணும்."

"அவன் எழுத்தைப் போடும்மா."

"அவர் செய்யலியே. யார் கை வச்சாங்களோ அவங்க எழுத்து. மாத்திப் போட்டா அவரே சத்தம் போடுவாரு."

போட்டாள். அட்டையைக் காம்பில் கட்டினாள்.

"காய் பிடிக்குமா?"

"தெரியாது மாமா. ஒரு வாரத்துல பிஞ்சு பெருத்தா நிக்கும். மஞ்சளடிச்சா உதிர்ந்துரும்."

"இவ்வளவு பண்ணிட்டுத் தெரியாதுன்னா எப்படி?"

"தெரிஞ்சிருந்தா எதுக்கு மாமா ஆராய்ச்சி?"

இதே பதிலைச் சாப்பாட்டு மேஜையில் தம்பி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். இப்போது எழுந்து போக அங்கே வேறு இடம் இல்லை. அவர் மண்ணிலேயே கொஞ்ச நேரம் இருந்தார். அவள் அவசரப்படுத்தவில்லை.

வீட்டு வாசலில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். கார் நின்றதும் பேச்சு நின்றது. பெரியவர் முட்டிகளில் சேற்றோடு முன்னால் நடந்தார். அவள் பின்னால் வந்தாள். அவர் நேராக இயக்குநரிடம் போனார்.

"அந்த வரியை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன் சார்."

"அதுக்குப் பதிலா?"

"'சோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது'ன்னு போட்டிருக்கேன்."

பெரியவர் யோசித்தார். "அது சரி" என்றார்.

அடக்கம் முடிந்து வந்த மாலை, வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் ரேடியோ வெளியூர்ச் சொந்தம் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "...அட ஆமாங்கறேன். புருஷனை நடுக்கூடத்துல போட்டுட்டு, யாருக்கும் தெரியாம பின்பக்கமாப் போயிட்டாளாம். எவனோ கார்ல வந்து ஏத்திட்டுப் போனானாம்..."

தலைக்கு மேல் நீண்ட கையை அவன் கவனிக்கவில்லை. பெரியவர் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"நான் பெரியவன் பேசறேன். அவ முன்வாசல் வழியாத்தான் போனா. இவனும் பக்கத்துல நின்னு பார்த்தான். கூட்டிட்டுப் போனது நான்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி நாற்காலிகளை அடுக்கப் போனார்.