மெல்ல முடியாதவளுக்கு ஒரு கடலை மிட்டாய்

அண்ணாதுரை தன் மனைவியை ஹெல்மெட்டால் அடித்தது மார்கழி மாத நடுவில். ஒரே அடிதான். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துபோனது. அவள் தன் செல்போன் பூட்டின் எண்ணை அவனிடம் சொல்லாமல் மாற்றியிருந்தாள், அதுதான் காரணம்.

அவள் பெயர் சுடர்விழி. திருவாரூரில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக வேலை. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் அண்ணாதுரையின் அக்கா அம்சமும் ஒருத்தி. "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டபோது சுடர்விழியால் வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணாதுரை அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அம்சம்தான் பதில் சொன்னாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார்."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே சுடர்விழி அவளைப் பார்த்தாள். வீங்கிப்போன முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தப் பார்வையை அம்சத்தால் உதறவே முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பிக்குப் பெண் கேட்டுச் சுடர்விழி வீட்டுக்கு நடையாய் நடந்தவள் அவள்தான். "எந் தம்பி கோவக்காரன்தான், ஆனா கை நீட்ட மாட்டான்" என்று பெண்ணின் அப்பாவிடம் அடித்துச் சொன்னவளும் அவள்தான்.

சுடர்விழியின் பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில், ஒற்றை அறையில் இருந்தார்கள். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அம்சமே நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அம்சம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். புருஷன் வைரக்கண்ணு அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்ப்பது அரிது. பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிய வாயில், ஆறு வாரமும் கஞ்சித் தண்ணியும் பருப்புத் தண்ணியும் உறிஞ்சியே கிடந்தாள் சுடர்விழி. எடை முப்பத்தேழு கிலோவுக்கு இறங்கியது.

அண்ணாதுரை வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வான். "எப்பக்கா அனுப்புற?" என்பான். "ஒடம்பு தேறட்டும்டா" என்பாள் அம்சம். அனுப்ப மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

தை மாதக் கடைசியில் கம்பியைக் கழற்றினார்கள். இன்னும் ஒரு மாதம் கடிக்கிற பண்டம் எதுவும் கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் அடுக்கியிருந்த கடலை மிட்டாயையே பார்த்துக்கொண்டு நின்றாள் சுடர்விழி. அம்சம் கவனித்துவிட்டாள்.

"ஆசையா இருக்கா?"

"கடிக்க முடியாதே அண்ணி." பேச்சு பல்லுக்குள்ளேயே நசுங்கி வந்தது.

இரண்டு நாள் கழித்துச் சுடர்விழியே போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து, அதில் வெல்லப் பொடியும் பேரீச்சம்பழமும் ஓட்ஸ் மாவும் பிசைந்து, தட்டில் அமுக்கி, ஃபிரிட்ஜில் வைத்துத் துண்டு போடுகிறார்கள். பாகு காய்ச்ச வேண்டாம், ஓவன் வேண்டாம். நாக்கில் வைத்தால் தானே கரையும்.

"இவ்வளவுதானா? ஞாயித்துக்கெழம பண்ணிடுவோம்" என்றாள் அம்சம். வேதாரண்யத்துப் பக்கம் விளைந்த கடலை இரண்டு கிலோ வாங்கி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். முதல் ஈடு கடலையை வறுத்து ஆற வைத்தாகிவிட்டது. சுடர்விழி தரையில் உட்கார்ந்து, தோலைத் தேய்த்து உதிர்த்து, முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் ஈடு அடுப்பில், இரும்பு வாணலியில் பொரிந்துகொண்டிருந்தது. அம்சம் மிக்ஸியை ஓட்டினாள். கடலை முதலில் பொடியானது, அப்புறம் கட்டியாய் ஜாரின் ஓரத்தில் அப்பிக்கொண்டது. மிக்ஸி சூடேறியது. நிறுத்தி, கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எண்ணெய் பிரிந்து, கடலை குழகுழவென்று சுழலத் தொடங்கியது.

"வந்துருச்சு சுடர், வந்துருச்சு! இங்க பாரு!"

சுடர்விழி சிரித்தாள். ஆறு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

மிக்ஸிச் சத்தத்தில் வாசலில் பைக் வந்து நின்றது இருவருக்கும் கேட்கவில்லை. அம்சம் சுவிட்சை அணைத்ததும், முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"என்னக்கா, விருந்தா?"

சமையற்கட்டு வாசலை அடைத்துக்கொண்டு அண்ணாதுரை நின்றான். கையில் ஹெல்மெட். சுடர்விழியின் கையிலிருந்த முறம் நழுவிக் கடலை தரையெங்கும் ஓடியது.

அவன் நிதானமாக வந்து, ஜாருக்குள் விரலை விட்டு, வழித்து நக்கினான். "நல்லாருக்கே. எனக்கெல்லாம் இப்புடிச் செஞ்சு குடுத்ததே இல்ல." பிறகு மனைவியைப் பார்த்து, "கெளம்பு" என்றான்.

"தம்பி, டாக்டர் இன்னும் ஒரு மாசம்..."

"ஒன்ன கேக்கல."

சுடர்விழி சுவரோடு சுவராக ஒண்டினாள். "வரமாட்டேன்" என்றாள். தெளிவில்லாத அந்தச் சொல் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஹெல்மெட்டை மேடையில் வைத்துவிட்டு, அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். அவள் குப்புற விழுந்தாள். சிதறிக் கிடந்த கடலைமீது அவளைத் தரதரவென்று இழுத்தான். குறுக்கே பாய்ந்த அம்சத்தை முழங்கையால் இடித்தான். அவள் மேடையின் கடப்பாக் கல் விளிம்பில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டாள். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

ஒற்றைக் கண்ணால்தான் அடுத்ததைப் பார்த்தாள். அண்ணாதுரை மனைவியை மல்லாக்கப் புரட்டி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கட்டைவிரலை அவளுடைய தாடையில், எலும்பு கூடிக்கொண்டிருந்த அதே இடத்தில் வைத்து அழுத்தினான்.

"வர்றியா மாட்டியா? சொல்லு. வர்றியா மாட்டியா?"

சுடர்விழியால் வாய் திறந்து அலறக்கூட முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. கன்றுக்குட்டி லாரியில் அடிபட்டபோது அம்சம் ஒரு முறை கேட்டிருக்கிறாள், அப்படி ஒரு சத்தம்.

அம்சம் எழுந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, அடுப்பிலிருந்த வாணலியை இரண்டு காதிலும் பிடித்துத் தூக்கினாள். கொதிக்கக் கொதிக்க வறுபட்ட கடலை அவன் கழுத்திலும் கன்னத்திலும் கொட்டியது. அவன் அலறிக்கொண்டு நிமிர்ந்தான். வாணலியின் விளிம்பு அவன் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"அக்கா! ஏய்!"

அவன் வலது கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அந்தக் கையிலேயே அடித்தாள். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கமாக மடங்கித் தொங்கியது. அவன் சுவரில் சரிந்து உட்கார்ந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தான். ஆனால் அம்சம் மறுபடி ஓங்கி, முழங்காலில் ஒன்று போட்டாள். அதற்கும் பிறகு மறுபடி ஓங்கினாள். இத்தனை வருஷம் எங்கே கிடந்தது என்று தெரியாத ஆத்திரம் தோளைப் பிடித்துத் தள்ளியது.

பின்னாலிருந்து இரண்டு குச்சிக் கைகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன.

"போதும் அண்ணி. செத்துட்டான்னா நீங்க உள்ள போயிடுவீங்க."

வாணலி கீழே விழுந்தது. அப்போதுதான் உள்ளங்கை இரண்டும் வெந்திருப்பது அம்சத்துக்கு உறைத்தது.

எதிர்வீட்டு ஹபீபுன்னிசா, தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, அளவு டேப் கழுத்தில் தொங்க ஓடிவந்தாள். முதலில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். அப்புறம் நூற்றெட்டுக்குப் போன் செய்தாள். "யாருக்குன்னு கேக்குறாங்க, யாருக்குன்னு சொல்ல?" என்றாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்து.

ஆஸ்பத்திரியில் அண்ணாதுரை, "பைக்லேர்ந்து விழுந்துட்டேன்" என்றான். அக்கா கையால் அடிவாங்கியதைச் சொல்ல அவனுக்கு வெட்கம். கன்னத்துக் கொப்புளங்களைப் பார்த்த நர்ஸ் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் நெற்றிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்த அம்சம் சொன்னாள்:

"இல்லம்மா, நான்தான் அடிச்சேன். போலீஸுக்குச் சொல்லுங்க."

"அக்கா, வேணாங்க்கா. குடும்ப விஷயம்." அவன் குரல் குழைந்தது. சின்ன வயதில் ஊசி போடும்போது அழுவானே, அதே குரல். அம்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டேதான் மறுபடியும், "போலீஸுக்குச் சொல்லுங்க" என்றாள்.

மகளிர் காவல் நிலையத்திலிருந்து வந்த பெண் எஸ்.ஐ. முதலில் சுடர்விழியிடம் வாக்குமூலம் வாங்கினார். பேச முடியாத இடத்தில் எழுதிக் காட்டினாள். பிறகு அம்சத்திடம் வந்தார்.

"மார்கழில இவங்க பாத்ரூம்ல விழுந்ததா ஆஸ்பத்திரி சீட்டுல இருக்கே?"

"அது நான் சொன்ன பொய்ங்க மேடம். அதையும் எழுதிக்குங்க."

இரண்டு வழக்குப் பதிவானது, ஒன்று அண்ணாதுரைமேல், ஒன்று அம்சத்தின்மேல். அவனுக்கு எலும்பு கட்டி, பத்து நாள் கழித்து ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. ஆனால் சத்துணவு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அம்சத்தின் சித்தப்பா வாசலிலேயே நின்று, "கூடப் பொறந்தவன் கைய ஒடிச்சவ வூட்டுல தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வைரக்கண்ணு வயலில் இயந்திரத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். கட்டுப்போட்ட அவள் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எத்தன தையலு?" என்று மட்டும் கேட்டார்.

அம்சத்தால் எதையும் பிடிக்க முடியாது என்பதால், மிச்சக் கடலையைச் சுடர்விழியே அரைத்தாள். தாடையில் மறுபடி வீக்கம். ஒரு கையால் அதில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டு, மறு கையால் வெல்லமும் பேரீச்சம்பழமும் சேர்த்துப் பிசைந்தாள். நெய் தடவிய தட்டில் அமுக்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். சாயந்திரம் துண்டு போட்டு, ஒன்றை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கரைய வெகுநேரம் ஆனது. அம்சத்துக்கும் ஊட்ட வந்தாள்.

"வேணாம்மா. வறுத்த வாசம் வந்தாலே கொமட்டுது."

சுடர்விழி வற்புறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, ஒன்னு சொல்லணும். அன்னிக்கு டாக்டர்ட்ட நீங்க சொன்னத நான் இன்னும் மன்னிக்கல."

"தெரியும்."

"எப்பவாவது மன்னிப்பனான்னும் தெரியல."

"அதுக்காக நான் அடிக்கல சுடர்" என்றாள் அம்சம். சொன்ன பிறகு, அது உண்மைதானா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.

மாசி முடியும் முன் சுடர்விழி மருந்துக் கடை வேலைக்குத் திரும்பினாள். பங்குனியில் திருவாரூரிலேயே ஒரு பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டு போனாள். பெட்டியை ஹபீபுன்னிசாதான் பஸ் வரைக்கும் தூக்கி வந்தாள், அம்சத்தின் கை இன்னும் ஆறவில்லை.

அதற்கு மறுவாரம் அம்சம் யாரிடமும் சொல்லாமல் ஜெயிலுக்குப் போய் மனுப் போட்டாள். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாள். காவலர் வந்து, "ஒங்க தம்பி பாக்க வரமாட்டேன்னுட்டாரும்மா" என்றார். அவன் வந்திருந்தால் என்ன பேசியிருப்போம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை வலிக்குதாடா என்று கேட்டிருப்பாளோ என்னவோ. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நீடாமங்கலம் பஸ் எங்கே நிற்கும் என்று அவரிடமே விசாரித்துக்கொண்டு நடந்தாள்.