சைகோன் உள்நாடு, நாகூர் வெளிநாடு

வரிச்சிக்குடி வாய்க்காலில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று இந்தியாவின் வெளிநாட்டு இலாகாவைக் கேட்ட ஒரே ஆசாமி நானாகத்தான் இருப்பேன். 1955 ஜூலையில் கேட்டேன். மந்திரி பார்லிமெண்டில் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும் என்று நட்சத்திரக் குறி வேறு போட்டுக் கேட்டேன்.

நேராக நான் கேட்க முடியாது. மெம்பர்தான் கேட்க வேண்டும். காரைக்காலுக்கென்று அப்போது தில்லியில் மெம்பர் கிடையாது. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி எட்டு மாதம் ஆகியிருந்தது. நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. சட்டப்படி ஒப்படைக்கும் காகிதம் மட்டும் வந்து சேரவில்லை. பெண் புகுந்த வீட்டுக்கு வந்துவிட்டாள், தாலி இன்னும் தட்டானிடம் இருக்கிறது என்கிற நிலைமை. அதனால் பக்கத்து ஜில்லா மெம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். அவர் நல்ல மனுஷர். ஊருக்கு வந்தபோது இரண்டு கேள்வித் தாள்களில் கையெழுத்து மட்டும் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"முசே தெட்சிணாமூர்த்தி, ஒங்களுக்குத்தான் இங்கிலீஷும் வருது, பிரெஞ்சும் வருது. கேள்விய நீங்களே எழுதி, எந்த இலாகாவுக்குன்னு மேல போட்டு, தபால்ல சேத்துருங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு."

முசே என்று பிரெஞ்சில் ஐயா போட்டவர், ஆசாமியைத் தெரியாமல் நம்பிவிட்டார்.

கேள்விகள் இரண்டு. ஒன்று, வரிச்சிக்குடி மிராசு கைலாசநாதனுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் ஏன் வரவில்லை, நாற்றங்கால் காய்கிறதே, அரசுக்குத் தெரியுமா? இன்னொன்று கைருன்னிஸாவுடையது. அவள் கணவன் ஜெகபர் சாதிக் சைகோனில் பிரெஞ்சு ராணுவக் கிட்டங்கியில் காவல் வேலை பார்த்தவன். 1954 ஜனவரியில் கடைசிக் கடிதம். சாமான்களோடு வடக்கே போகச் சொல்கிறார்கள், போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்று இருந்தது. பிறகு எழுத்தில்லை. வடக்கே சண்டை நடந்து முடிந்தது, பிரெஞ்சுக்காரன் தோற்றான், சமாதானம் ஆயிற்று, காரைக்காலில் கொடியும் மாறியது. ஜெகபர் சாதிக் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அவள் அண்ணன் ஹமீது புதுச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சு கொன்சுலைப் பார்த்தான். பட்டியல் சைகோனில் இருக்கிறது, இப்போது நீங்கள் இந்திய சர்க்கார் மூலமாகத்தான் கேட்க வேண்டும் என்றார்கள். சைகோனிலிருந்து திரும்பியவர்களோ, "வடக்கே போனாரு" என்பதோடு நிறுத்திக்கொண்டு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவத் தொடங்கிவிடுவார்கள்.

நான் கேள்விகளை எழுதினேன். தண்ணீர் கேள்விக்கு மேலே வெளிநாட்டு இலாகா என்று போட்டேன். சைகோன் கேள்விக்கு மேலே உள்நாட்டு இலாகா என்று போட்டேன். உறைகளை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினேன். தபால் ஆபீசுக்கு நானே நடந்தேன், தலையில் பிரெஞ்சுக்காலத்துத் தக்கைத் தொப்பியோடு.

கவனக்குறைவு என்று சொன்னால் தப்பித்துவிடலாம். உண்மை என்னவென்றால் மிகுந்த கவனத்தோடுதான் செய்தேன். இருபத்திரண்டு வருடம் பிரெஞ்சு நிர்வாக ஆபீசில் கடித அலமாரி என் பொறுப்பு. அலமாரியில் இரண்டு தட்டு. உள் தட்டில் புதுச்சேரி, மார்சேய், சைகோன். எல்லாம் ஒரே கொடி, ஒரே தபால் தலை. வெளித் தட்டில் நாகூர், மாயூரம், தஞ்சாவூர். வாஞ்சூரில் சுங்கக்காரன் மூட்டையைக் குத்திப் பார்த்த பிறகே போக முடிகிற அந்நிய தேசங்கள். நாகூர் கந்தூரிக்குப் போனால் வெளிநாட்டுப் பயணம். கப்பலேறிப் பல நாள் கடலில் கிடந்து சைகோனுக்குப் போனால் உள்ளூர்ப் பயணம். தஞ்சாவூர்த் தண்ணீர் என் சர்வீஸ் முழுவதும் வெளிநாட்டு விவகாரம்தான். கொடியை ஒரு காலையில் மாற்றிவிட்டார்கள். என் தலைக்குள் இருந்த தட்டுகளை மாற்ற யாருக்கும் ஆர்டர் போகவில்லை.

செப்டம்பரில் மெம்பரின் காரியதரிசியிடமிருந்து கடிதம் வந்தது. காவேரித் தண்ணீரை அயல்நாட்டு விவகாரமாக ஆக்கியது யார் என்று சபை ஆபீசில் கேட்டுச் சிரித்தார்களாம். கேள்வி தள்ளுபடி. நான் ஒரு மடையன். கடைத்தெருக் காப்பிக் கடையில் அதை உரக்கப் படித்துக் காட்டினேன்.

கைலாசநாதன் காப்பியைக் கீழே வைத்தார். "முசே, அப்ப என் வயலு எந்தத் தேசத்துலதான் இருக்கு? கேட்டுச் சொல்லுங்க, மம்பட்டி எடுத்துட்டுப் போறதுக்கு பாஸ்போர்ட்டு எடுக்கணும்ல!"

"ஒங்க வயலுக்கு மட்டும் தனித் தூதர் வைக்கச் சொல்லி எழுதறேன்."

"வையுங்க, வையுங்க. அவராவது வந்து எறைக்கட்டும்."

கடையே சிரித்தது. நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவருக்கு நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை, அதற்குள் மழை வந்து நாற்று பிழைத்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெளியே வந்து தொப்பியைத் தலையில் வைக்கும்போதுதான் உறைத்தது. ஒரு தாளில் தப்பாகப் போட்டிருந்தால் இன்னொரு தாளிலும் தப்பாகத்தானே போட்டிருப்பேன்.

அன்றைக்கே மெம்பருக்குத் தந்தி கொடுத்தேன். பதில் வந்தது. சைகோன் கேள்வி உள்நாட்டு இலாகாவில் இருந்து, இது நம்முடையது அல்ல என்று கண்டுபிடிக்கப்பட்டு, வெளிநாட்டு இலாகாவுக்கு நடந்து கொண்டிருந்ததாம். அது போய்ச் சேர்வதற்குள் கூட்டத்தொடர் முடிந்தது. தொடர் முடிந்தால் பதில் வராத கேள்விகளும் முடிந்துபோகும். அடுத்த தொடரில் புதுசாகத்தான் கேட்க வேண்டும். குளிர்காலத் தொடரில் மெம்பர் காமாலையில் படுத்துவிட்டார். பிப்ரவரியில்தான் மறுபடி தாள் போனது. இந்தத் தடவை இலாகா பெயரை ஏழு முறை சரிபார்த்தேன். செத்த மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவனின் அக்கறை.

இதில் ஒரு வரியைக்கூட நான் கைருன்னிஸாவிடம் சொல்லவில்லை.

ஹமீதுக்குக் கடைத்தெருவில் மளிகைக் கடை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறக்க நேரமாகும். அந்த இடைவேளையில் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போவான். நடையில் நாற்காலி போடுவார்கள். உள்கதவு பாதி திறந்திருக்கும். கதவுக்குப் பின்னால் கைருன்னிஸா. முகத்தைப் பார்த்ததில்லை, கதவு விளிம்பைப் பிடித்திருக்கும் கை தெரியும், சில நாள், அவர்களுக்குத் தாலி மாதிரியான கழுத்துக் கருகமணியின் ஓரம் தெரியும். நான் அதற்குக் கேள்வி நேரம் என்று பெயர் வைத்திருந்தேன். தில்லியில் மந்திரிகளுக்கு ஒரு மணி நேரம், எனக்கு ஒரு டம்ளர் தேநீர் தீரும் மட்டும்.

"அண்ணே, டில்லியிலேர்ந்து ஏதாச்சும்?"

"தகவல் திரட்டிக்கிட்டிருக்காங்க தங்கச்சி."

"யாரு திரட்டுறா?"

"சம்பந்தப்பட்டவங்க."

"திரட்டி முடிக்க எம்புட்டு நாளாகும்?"

"கூடிய சீக்கிரம்."

மந்திரிகளை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் அந்த வாய்தான் வரும் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் துணைக் கேள்வி கேட்டாள். "அண்ணே, நீங்க படிச்சவங்க, ஒண்ணு கேக்கவா? யாசீன் ஓதி முடிச்சு துஆ கேக்கறப்போ எல்லார் பேரையும் சொல்லுவோம். ஹயாத்தா இருக்கறவங்களுக்கு ஒடம்பு நல்லா இருக்கணும்னு கேப்போம். மவுத்தானவங்களுக்குக் கபுரு வெளிச்சமா இருக்கணும்னு கேப்போம். அவங்க பேரை நான் எந்தப் பக்கம் சேக்கட்டும்?"

ஹமீது தரையைப் பார்த்தான்.

"இருக்கறவங்க பக்கம் சேத்துட்டு அவங்க இல்லேன்னா, அங்க அவங்களுக்குன்னு கேக்க ஆளில்ல. இல்லாதவங்க பக்கம் சேத்துட்டு இருந்தாங்கன்னா, நானே எங்கையால மண்ணு தள்ளுன மாதிரி. ரெண்டு வருசமா அவங்க பேரு வர்ற எடத்துல வாய மூடிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். அழுவணும்னாலும் தெரிஞ்சாத்தானே அழுவலாம்? வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. இருக்காங்களா இல்லையா, அம்புட்டுதான்."

"அரசு இதைப் பரிவோட கவனிச்சுக்கிட்டிருக்கு" என்றேன். இதை நான் சொன்னேன். என் வாயால். தேநீர் பாதி இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

1956 ஜூன் மாதம் பதில் வந்தது. நட்சத்திரமில்லாத பதில், அச்சடித்த தாளில் ஒன்பது வரி. என் மேசையில் வைத்து நாலு தரம் படித்தேன். சைகோனில் இருக்கும் நமது பிரதிநிதி மூலம் விசாரித்ததில், அங்கிருந்த பிரெஞ்சு ராணுவ அலுவலகம் ஏப்ரல் மாதத்தில் மூடப்பட்டது என்றும், ஏடுகள் பிரான்சுக்குக் கொண்டு போகப்பட்டன என்றும், எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியவில்லை என்றும் இருந்தது. ஆறாவது வரியில் ஒரு விவரம். ஏப்ரலுக்கு முன்பு விசாரித்தவர்களுக்கு அந்த அலுவலகம் பட்டியலைப் பார்த்து உடனுக்குடன் தகவல் தந்து வந்ததாகத் தெரிகிறது.

ஜூலையில் சரியான இலாகாவுக்குப் போயிருந்தால் அக்டோபருக்குள் கேட்டிருப்பார்கள். அந்த ஆபீஸ் அதற்குப் பிறகும் ஆறு மாதம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமை பகலில் ஹமீது கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கடைப் பலகையை இழுத்துப் போட்டான். இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

நடையில் அதே நாற்காலி. இங்கிலீஷ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினேன். முதல் ஐந்து வரி சொன்னேன். ஆறாவது வரியை விட்டேன். மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு வசதி. அவன் விழுங்குவது யாருக்கும் தெரியாது. ஏழு, எட்டு, ஒன்பது சொல்லி முடித்துத் தாளை மடித்தேன்.

 கதவு விளிம்பைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

"அப்ப, தெரியவே தெரியாதா அண்ணே?"

"பிரான்சுக்கு எழுதிப் பாக்கலாம். எங்கன்னு எழுதறதுன்னுதான்…"

"அந்த ஆபீசு தொறந்திருந்தப்போ யாராச்சும் போயி கேட்டிருந்தா, சொல்லியிருப்பாங்களா?"

மந்திரியாக இருந்திருந்தால், இது மூலக் கேள்வியிலிருந்து எழவில்லை என்று சொல்லி உட்கார்ந்திருப்பேன். நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். மடித்த தாளைப் பிரித்து ஆறாவது வரியைப் படித்தேன். பிறகு உறைகளைப் பற்றிச் சொன்னேன். உள் தட்டு, வெளித் தட்டு, வரிச்சிக்குடி வாய்க்கால், காப்பிக் கடையில் சிரித்தது, பத்து மாதமாக அவளிடம் மறைத்தது எல்லாம் சொன்னேன். வேடிக்கையாகச் சொல்லிப் பழகிய கதை. எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இடங்களிலெல்லாம் குரல் தானாக நின்று நின்று போயிற்று.

ஹமீதுதான் முதலில் பேசினான். "அட விடுங்க முசே. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? எல்லாம் ஆண்டவன் நாட்டம். சர்க்கார் வேலைன்னா முன்னப் பின்ன ஆவுறதுதான்."

நல்லவன். ஆனால் அதுவும் ஒரு மந்திரி பதில்தான். காரைக்காலில் அந்தப் பத்து மாதத்தில் நான் கேட்ட எல்லாப் பதிலும் அந்த ஜாதிதான். சைகோனிலிருந்து திரும்பியவர்கள் சொன்னது, மெம்பரின் காரியதரிசி எழுதியது, நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது.

"நானா, நீங்க சும்மா இருங்க" என்று அண்ணனை அடக்கினாள் உள்ளேயிருந்து.

நான் கதவைப் பார்த்துப் பேசினேன். "தங்கச்சி, ஒங்கண்ணன் என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாரு. எனக்கு அது வேணாம். நீ சொல்லு. இது என்னாலதானா?"

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அழவில்லை. கருகமணியை ஒரு விரலில் சுற்றிப் பிடித்திருந்தாள். கழற்றுவதற்குப் பிடித்ததா, கழுத்தோடு வைத்துக்கொள்ளப் பிடித்ததா, தெரியவில்லை.

"ஆமாண்ணே" என்றாள். "ஒங்களாலதான்."