தீவும் ஆடுகளும் ஒரு சிவப்பு பல்பும்

போர் மூள இருந்ததற்கு நான் சிரித்ததுதான் காரணம் என்று எங்கள் வகுப்பில் ஒரு கட்சி இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறது. அது முழுப்பொய் இல்லை. ஆனால் நான் சிரித்தேன் என்றால் எதிர்முனையில் சிரிக்க வைத்தவன் ஒருவன் இருந்தானே, அவனை ஏன் யாரும் கேட்பதில்லை?

பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்தது சர்வதேச உறவுகளும் பாதுகாப்பும். கடைசிப் பருவத்தில் ஒரு பாடத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது, மூன்று நாள் ஒத்திகைதான். வகுப்பை இரண்டாகப் பிரித்து நீலநாடு, செந்நாடு என்று பெயர் வைத்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே கடலில் ஒரு கற்பனைத் தீவு. அது யாருக்கு என்று பேசித் தீர்த்து ஒப்பந்தம் போட்டால் எல்லோருக்கும் தேர்ச்சி. ஏதாவது ஒரு நாடு போரை அறிவித்தால் இரண்டு நாட்டுக்கும் பூஜ்யம். மொத்த வகுப்பும் அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும்.

நான் நீலநாட்டின் வெளியுறவு அமைச்சர். வகுப்பில் எனக்குப் பீரங்கி என்று பெயர். குரலும் அப்படி, கருத்தும் அப்படி. ஆயுதத்தை முதலில் கீழே வைப்பவன் ஏமாளி என்று படிக்க வந்த நாளிலிருந்து தொண்டை கிழியக் கத்தியவள் நான். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "யாராவது ஒருத்தர் முதல்ல கீழ வெச்சாத்தானே ஆகும்?" என்று மெதுவாகக் கேட்டான். "அப்ப நீங்க வைங்க, நாங்க எடுத்துக்கறோம்," என்றேன். வகுப்பே சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குச் சமாதானம் என்று பட்டப்பெயர். கேன்டீன் வரிசையில் யார் முட்டிக்கொண்டாலும் நடுவே போய் நின்று தன் சட்டைப் பொத்தானைப் பறிகொடுப்பவன். அவனைத்தான் செந்நாட்டின் வெளியுறவு அமைச்சராகப் போட்டார்கள்.

போட்டவர் எங்கள் பேராசிரியை. எது நடந்தாலும், தலைக்கு மேல் மின்விசிறி கழன்று ஆடினாலும்கூட, "இது எனக்கு ஆழ்ந்த கவலையைத் தருகிறது" என்று சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு அசையமாட்டார். அதனால் அவருக்கு ஆழ்ந்த கவலை என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒத்திகையின் விதிகளை அவர்தான் வகுத்தார். தாழ்வாரத்தின் இந்தக் கோடி அறை நாங்கள், அந்தக் கோடி அறை அவர்கள். நடு அறையில் மேஜை மேல் வரைபடம், அதன் மேல் கப்பல்களுக்குப் பதிலாகச் சோடா மூடிகள். எல்லோருடைய கைபேசியும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போய்விட்டது. இரு அமைச்சர்களும் பேசிக்கொள்ள மட்டும் ஒரு பழைய இன்டர்காம். அதற்கு ஹாட்லைன் என்று கௌரவமான பெயர். எங்கள் பக்கத்துக் கருவி வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் சின்ன அறையில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும், வேறு யாரும் கேட்கக்கூடாது, மரியாதையாகப் பதவியைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். பேச்சு நடக்கும் நேரமெல்லாம் தாழ்வாரத்தில் ஒரு சிவப்பு பல்பு எரியும். பேசுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியலாம், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியக்கூடாது. அதுதான் விதி.

முதல் நாள் காலையில் நான் கிளம்பும்போது அம்மா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. வாயைத் திறக்காதவர்களிடமிருந்தும் விஷயத்தை வாங்கிவிடுவாள்.

"ரெண்டு நாட்டுச் சண்டையைத் தீக்கப் போறியாக்கும். முதல்ல உங்கண்ணன்கூட ஃபேன் ஸ்விட்ச் சண்டையைத் தீத்துக்கோ."

"அது உள்நாட்டு விவகாரம்மா. வெளியார் தலையிடக் கூடாது."

"வெளியாரா? நான் பெத்தவடி," என்றாள் அம்மா.

அன்று மணி அடித்ததும் ஹாட்லைன் கூப்பிட்டது. சுருட்டிய வரைபடங்கள் மேல் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தேன்.

"வணக்கம், மாண்புமிகு அமைச்சர் அவர்களே."

"வணக்கம். தீவு எங்களோடது. வேற ஏதாவது பேசணுமா?"

"ஒரே ஒரு சந்தேகம். தீவுல மனுஷங்க கிடையாது, ஒரு கலங்கரை விளக்கமும் கொஞ்சம் ஆடுகளும்தான்னு குறிப்புல போட்டிருக்கு. ஆடுங்க எந்த நாட்டுதுன்னு யாருமே கேக்கலையே."

"நீலநாட்டு ஆடுங்க."

"அதுங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டோம். 'மே'ன்னு ஒத்துக்கிச்சு."

"எங்க தூதர்கிட்டயும் அதையேதான் சொல்லிச்சு. ரெண்டு பக்கமும் பேசுற ஆடுங்க. நம்பிடாதீங்க, அமைச்சரே."

நான் கடுமையாக இருக்கத்தான் பார்த்தேன். அந்த 'அமைச்சரே'யில் ஏதோ கழன்றுவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் சுருட்டி வைத்திருந்த ஒரு கண்டம் முழுசாக உருண்டு என் காலடியில் விழுந்தது.

அதற்கப்புறம் கேட்பானேன். ஆடுகளுக்குக் கடவுச்சீட்டு கொடுத்தால் புகைப்படத்தில் தாடி தெரிய வேண்டுமா என்று பேசினோம். போர் வந்தால் அவை யார் பக்கம், பேசாமல் வரைபடத்தையே தின்றுவிட்டால் என்ன என்று பேசினோம். இரண்டாம் நாள் ஆடுகளை மேயவிட்டுவிட்டு எங்களைப் பற்றிப் பேசினோம். பறிபோன பொத்தான்களைத் தைத்துக் கொடுக்கும் அவனுடைய அக்கா, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு குட்டு வைப்பாளாம். அப்புறம் ஒன்றுமே பேசாமல் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். அவன் மூச்சு விடுவது கேட்டது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. பசியோ என்று பார்த்தால் அப்போதுதான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது, அவ்வளவுதான் விஷயம்.

அந்த நேரமெல்லாம் வெளியே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் எங்கள் உளவுத்துறைத் தலைவி. என் உயிர்த்தோழிதான், ஆனாலும் பதவி வந்ததும் ஆளே மாறிவிட்டாள். நேரே போய்ப் பிரதமரிடம் வத்தி வைத்தாள். தாய்மாமாவின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டிருந்த எங்கள் பிரதமர், கைகளைத் தேடி வெளியே எடுத்து என் முன்னால் கட்டிக்கொண்டார்.

"மதியம் பூரா பல்பு எரிஞ்சுதாமே. என்ன பேசினீங்க?"

"நல்ல முன்னேற்றம் இருக்கு."

"எதுல?"

"கால்நடைத் துறையில."

பிரதமர் முகம் சுருங்கியது. "நாள் பூரா ஆட்டைப் பத்தியா? எங்க காதுல பூ சுத்தாத, பீரங்கி."

அந்தப் பக்கமும் இதே கதைதான். என்ன பேசினாய் என்று கேட்டதற்குச் சமாதானம், "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றானாம். ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு நேரமா என்று அவர்கள் குழம்பினார்கள். எங்கள் அம்மாவிடம் கேட்டிருந்தால், ஒரு பெண்ணும் ஒரு பையனும் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசிக்கொண்டே இருந்தால் என்ன அர்த்தம் என்று அரை நொடியில் சொல்லியிருப்பாள். எங்கள் வகுப்பிலோ கோட்பாடுகள் அல்லவா இருந்தன. தங்கள் அமைச்சர் ரகசியமாகத் தீவைத் தாரை வார்க்கிறான் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். எங்கள் ஆட்களும் என்னைப் பற்றி அதையே முடிவு கட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அவர்கள் சில மூடிகளைத் தீவின் பக்கம் நகர்த்தினார்கள். அதைப் பார்த்துப் பயந்து நாங்கள் நகர்த்தினோம். நாங்கள் நகர்த்தியதைப் பார்த்துப் பயந்து அவர்கள் மிச்சத்தையும் நகர்த்தினார்கள். ஒருவர் தற்காப்புக்குச் செய்வது அடுத்தவருக்கு மிரட்டலாகத் தெரியும் என்று முதல் வருஷத்திலேயே படம் போட்டு விளக்கி மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஹாட்லைனைப் பிடுங்கிவிட்டார்கள். பல்பைக்கூடக் கழற்றியாயிற்று. சமாதானத்தைப் பதவியிலிருந்து தூக்கி, இரண்டு பேர் காவலோடு மூலையில் உட்கார வைத்தார்கள். செந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சர், கறார் என்று பெயர் வாங்கியவள், நடு அறைக்கு எல்லோரையும் கூட்டி மேஜையைத் தட்டினாள்.

"சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள ஹாட்லைன்ல என்ன பேசினாங்கன்னு தெரியணும். இல்லன்னா நாங்க போரை அறிவிப்போம்."

"அதுக்கு முன்னாடி நாங்க அறிவிச்சிடுவோம்," என்றார் எங்கள் பிரதமர், கோட்டுக்குள்ளிருந்து.

"இது எனக்கு ஆழ்ந்த கவலையைத் தருகிறது," என்றார் பேராசிரியை.

என்னால் மொத்த வகுப்பும் ஒரு பருவத்தை இழக்கப் போகிறது. எல்லாரும் திட்டித் தீர்ப்பார்கள், அது நியாயமும்கூட. ஆடுகளைப் பற்றிச் சொல்லியாயிற்று, எடுபடவில்லை. சொல்பவருக்கு நஷ்டமில்லாத வார்த்தையை எதிரி நம்பமாட்டான், தனக்கு வலிக்கிற மாதிரி ஒன்றைச் சொன்னால்தான் நம்புவான் என்று பேராசிரியை நடத்தியிருக்கிறார். எனக்கு வலிக்கிற மாதிரிச் சொல்ல என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லி அவன் இல்லை என்று தலையாட்டிவிட்டால்? எல்லோரையும் சிரிக்க வைப்பவன், என்னையும் அந்தக் கணக்கில் சிரிக்க வைத்திருந்தால்? பட்டமளிப்பு விழா வரைக்கும் என் மானம் கேன்டீனில் சட்னியாகும். மூலையில் அவனைப் பார்த்தேன். சட்டையில் மேல் பொத்தான் இல்லை. அவன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எழுந்து நின்றேன். பீரங்கியின் குரல் அன்றைக்குப் பார்த்துக் கம்மிவிட்டது.

"மொதல்ல ஆட்டைப் பத்திப் பேசினோம். அது சத்தியம். அப்புறம் பொத்தானைப் பத்தி. அப்புறம் ஒண்ணும் பேசல, சும்மா போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். ஏன்னா எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவருக்கு எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கல. தீவை யாரும் யாருக்கும் கொடுக்கல."

பிரதமரின் கைகள் மறுபடி கோட்டுக்குள் போய்விட்டன.

"இது தந்திரம்," என்றாள் கறார். ஆனால் அவள் குரலிலும் பிடிப்பு இல்லை.

"தந்திரம் இல்ல," என்றாள் எங்கள் உளவுத்துறைத் தலைவி. ஒரே நொடியில் பதவி இறங்கிப் பழைய தோழியாகியிருந்தாள். "இவ எனக்கே சொல்லல. மானத்தை இப்படி எல்லார் முன்னாடியும் யாரும் சும்மா கொட்ட மாட்டாங்க."

"அப்ப சரிபார்க்கணும்," என்று கறார் மூலைப்பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. இது உண்மையா?"

அவன் வரைபடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தாழ்வாரத்தில் மணியடிக்கப் போகிறவரின் செருப்புச் சத்தம் கேட்டது. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு. அவன் எழுந்தான். காவலுக்கு நின்ற இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிட்டார்கள். மேஜைக்கு வந்து, தீவைச் சுற்றி நின்ற செந்நாட்டு மூடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"டேய், அது நம்ம கடற்படைடா," என்றான் ஒருவன்.

அவன் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"முதல்ல கீழ வெக்கணும்னு வகுப்புல பெருசா பேசினவன் நான். ரெண்டு நாளா போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், வாய் வரல. இவங்க முந்திட்டாங்க. வெக்கமா இருக்கு."

"அப்படின்னா?" என்றாள் கறார்.

"அப்படின்னா எனக்கும்தான்."

யார் முதலில் கை தட்டினார்களோ தெரியாது. கறார் உதட்டைக் கடித்துக்கொண்டு தாளை எடுத்தாள். மணி அடிப்பதற்குள் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. தீவு யாருக்கும் இல்லை, கலங்கரை விளக்கம் இருவருக்கும், ஆடுகளுக்கு இரட்டைக் குடியுரிமை. நான் கையெழுத்துப் போட்டது வரிக்கு மேலே ஏறி எங்கோ போயிற்று. பேராசிரியை தாளை வாங்கிப் படித்தார்.

"இது எனக்கு ஆழ்ந்த..." என்று ஆரம்பித்தார். நாங்கள் காத்திருந்தோம். சரியான சொல் அகப்படவில்லை போலிருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்தார், நாங்கள் பார்க்க முதல் தடவையாக. "எல்லாரும் போய்ச் சாப்பிடுங்க," என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு நான் நடந்து வந்தேனா மிதந்து வந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. அம்மா வேலையிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாருடி ஜெயிச்சா?"

"யாரும் ஜெயிக்கலம்மா. தீவையே விட்டுட்டோம்."

"தீவைத் தொலைச்சிட்டு வந்தவ எதுக்கு இப்படிச் சிரிக்கற? முந்தாநாள்லேருந்து பல் தேய்க்கும்போதும் தனியா சிரிக்கற. தூக்கத்துல ஆடு, ஆடுன்னு வேற உளர்ற." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஆடு மேய்க்கிற பையனா?"

இந்த வீட்டில் இப்படியொரு உளவுத்துறை இருப்பதை எந்த நாடும் அறியாது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கீழே வைப்பது அன்றைக்கே பழகிப்போயிருந்தது. அம்மா பாதியில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அதற்குள் மேஜை மேல் என் கைபேசி அடித்தது. நான் பாய்வதற்குள் அம்மா எடுத்துவிட்டாள். அவன் குரல் எனக்கே கேட்டது.

"வணக்கம், மாண்புமிகு அமைச்சர் இருக்காங்களா?"

அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். மருத்துவமனையில் பல்வலிக்காரர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்:

"பிரதமர் பேசறேன். சொல்லுங்க தம்பி."

பிறகு அவன் ஏதோ சொன்னான், அது எனக்குக் கேட்கவில்லை. நான் அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடுமையாக இருக்கத்தான் பார்த்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.