இரண்டு விரலுக்கு நடுவே நசுங்கணும்

கப்பல்காரர் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் சமைத்தவர். அலையில் கப்பல் ஒருக்களித்துப் படுத்தாலும் முப்பத்தைந்து பேருக்கு நேரம் தவறாமல் சுடச்சுடச் சாப்பாடு போட்டவர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கரையேறினார். பேருந்துப் பணிமனையை ஒட்டி, அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம் இருந்தது. அதில் சமையல் வேலை கிடைத்தது. மொத்தம் பதினான்கு குழந்தைகள். மூத்தவளுக்கு மூன்று வயது, கடைக்குட்டிக்கு ஏழு மாதம்.

"பதினாலு பேருக்குச் சமைக்கிறதெல்லாம் ஒரு வேலையா? அதுலயும் பாதிப் பேருக்குப் பல்லே கிடையாது!" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதல் நாள் அவர் செய்த காய்கறிக் கூழை, காப்பகத்தை நடத்தும் டீச்சர் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துவிட்டுக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். அவருடைய மகள் வயதுதான் அவளுக்கு.

"அண்ணா, உப்பு போட்டிருக்கீங்க."

"உப்பில்லாம எவன் டீச்சர் சாப்பிடுவான்?"

"ஒரு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு உப்பு சேர்க்கக் கூடாது. சின்னச் சிறுநீரகம், தாங்காது. உப்புன்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியாதுண்ணா. குறை நம்ம நாக்குக்குத்தான்."

மறுநாள் கஞ்சியில் ருசிக்கு இரண்டு சொட்டுத் தேன் விட்டார். ஒரு வயதுக்குள் தேன் ஆகவே ஆகாது, அதில் இருக்கும் கிருமி பிஞ்சுக் குடலுக்கு விஷமாகிவிடும் என்று அந்தக் கஞ்சியும் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் திராட்சை. முழுசு முழுசாகத் தட்டில் வைத்திருந்தார். டீச்சர் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்றை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் ஒரு திராட்சைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அவங்க மூச்சுக்குழாய் ஏறக்குறைய இவ்வளவுதான்."

கப்பல்காரர் கத்தியை எடுத்து, தட்டில் இருந்த அத்தனையையும் ஒவ்வொன்றாக நீளவாக்கில் நான்காக வகிர்ந்தார். அன்று மாலை அவரே டீச்சரிடம் போய் நின்றார். "இதுக்கெல்லாம் படிப்பு ஏதாச்சும் இருக்கா? இருந்தா என்னை அனுப்புங்க." சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்த பெண்களுக்கு நடுவில், நரைத்த மீசையோடு ஒற்றை ஆணாக உட்கார்ந்து, நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தார். அவர்கள் கொடுத்த சான்றிதழைச் சட்டம் போட்டு அடுப்புக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்.

குட்டிமுயல் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். முன்னால் இரண்டே பல், எப்போதும் துறுதுறு கண். காப்பகத்து ஆயா வைத்த பேர் அது. பதினோரு மாதம். அம்மா பேருந்து ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்தவள், எந்த நெரிசலிலும் அசராதவள். பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும்.

"எதுவா இருந்தாலும் நல்லா அரைச்சு, வடிகட்டிக் கொடுங்க அண்ணா. ஒரு பருக்கைகூட வேணாம்."

"ஏம்மா? அவன் மெல்லுற வயசாச்சே."

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எட்டு மாதத்தில் வேகவைக்காத ஆப்பிள் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறாள். கடித்த துண்டு தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது. சத்தமே வரவில்லை. முகம் நீலம் பாரித்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரர் ஓடிவந்து, பிள்ளையைத் தலைகீழாகச் சாய்த்து, முதுகில் ஐந்து தட்டுத் தட்டியதில் துண்டு வெளியே விழுந்தது.

"அன்னிக்குப் போன உயிர் எனக்கு இன்னும் முழுசாத் திரும்பல அண்ணா."

கப்பல்காரர் அவனுக்கு வடிகட்டியே கொடுத்தார்.

மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து எடை பார்ப்பாள். முயலின் அட்டையில் மூன்று மாதமாகக் கோடு ஏறவே இல்லை, படுத்தே கிடந்தது. நர்ஸ் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்திருந்தது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்துக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "மருந்து மட்டும் போதாது. இந்தத் தண்ணிக் கூழ்ல வயிறு நிறையும், உடம்பு தேறாது. கறி, முட்டை, பருப்பு உள்ள போகணும். மெல்லவும் பழகணும். தள்ளிப்போடப் போட அப்புறம் பழக்குறது பெரும்பாடு" என்றாள்.

அவள் போனதும் ஆயா அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டியாக் கொடுத்துப் பழக்கிடுங்களேன். அந்தப் பொண்ணுக்கு எங்க தெரியப்போகுது?"

"பெத்தவளுக்குத் தெரியாம அவ பிள்ளை வாயில ஒண்ண வைக்கிறதா? அந்த வேலை என்கிட்ட ஆகாது" என்றார் கப்பல்காரர், கரண்டியை வைத்துவிட்டு.

மறுநாள் பிள்ளையை விட வந்தவளை நிறுத்தினார். "மத்தியானம் உனக்கு நாற்பது நிமிஷம் ஓய்வு இருக்குல்ல? இங்க வந்து உட்காரும்மா. நான் என்ன செய்றேன், எப்படிச் செய்றேன், அவன் எப்படித் தின்கிறான், எல்லாத்தையும் உன் கண்ணால பாரு. நீ நிறுத்துன்னா நிறுத்திடுறேன்."

அவள் அரை மனதோடு தலையாட்டினாள்.

முதல் சில நாள் அதே அரைத்த கூழ்தான், கோழிக்கறி சேர்த்துச் சற்றுக் கெட்டியாக. அடுத்து, அரைப்பதை விட்டுவிட்டு முள்கரண்டியால் மசித்தார். முயல் நாக்கால் தள்ளித் தள்ளி வெளியே கொட்டினான். உருளைக்கிழங்கு அவன் புருவம் வரைக்கும் போயிற்று. அவன் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினால், கப்பல்காரர் கிண்ணத்தை எடுத்துவிடுவார்.

"இன்னும் நாலு வாய் இருக்கே. விளையாட்டுக் காட்டி ஊட்டிடலாமே அண்ணா?" என்பாள் அம்மா.

"வேணாம்மா. கொடுக்கிறது நம்ம வேலை. எவ்வளவுன்னு முடிவு பண்றது அவன் வேலை. திணிச்சா இந்த நாற்காலியைப் பார்த்தாலே அழுவான்."

நன்றாக வேகவைத்த முட்டையை அவன் பத்து நாள் தொடவில்லை. பதினோராம் நாளும் கப்பல்காரர் முகம் கோணாமல் கொண்டுவந்து வைத்தார். முயல் அதை உற்றுப் பார்த்தான், பிசைந்தான், விரலை நக்கினான். பிறகு, ஏதோ தானே கண்டுபிடித்தது மாதிரி, ஒரு பிடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அடுப்படியில் கப்பல்காரர் ஆயாவிடம், "பத்து நாள் தோத்தோம், இன்னைக்கு ஜெயிச்சாச்சு" என்று மீசையை முறுக்கினார்.

அடுத்தது கையில் பிடித்துத் தின்கிற துண்டு. காரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி, குழைய வேகவைத்து, தாயின் முன்னால் நீட்டினார்.

"அமுக்கிப் பாரு. ரெண்டு விரலுக்கு நடுவுல நசுங்கணும். நசுங்கலேன்னா மறுபடியும் அடுப்புக்குத்தான்."

அவள் அமுக்கினாள். வெண்ணெய் போல நசுங்கியது. முயல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், இடுப்பில் பட்டை, காலுக்கு அடியில் பலகை. துண்டை எடுத்துக் கடித்தான். இரண்டு முறை மென்றான். அப்புறம் கண் நிறைந்து, முகம் சிவந்து, "க்ஹ்... க்ஹ்..." என்று ஓங்கரித்தான்.

நாற்காலி தடாலென்று பின்னால் விழ அவள் எழுந்துவிட்டாள். விரல் பிள்ளையின் வாய்க்கு அருகில் போய்விட்டது.

"விரலை விடாதம்மா!" கப்பல்காரர் குரல் உயரவில்லை, ஆனால் அழுத்தமாக இருந்தது. "உள்ள தள்ளிடும். கேளு. சத்தம் வருது பாரு. இருமறான். முகம் சிவப்பா இருக்கு, நீலம் இல்ல. மூச்சு போய்ட்டு வருது. அவனே தள்ளிடுவான். சத்தம் நின்னாத்தான் நம்ம வேலை. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்."

அவர் கை அவன் முதுகுக்குப் பின்னால், தொடாமல், தயாராக நின்றது. புயலில்கூட இவ்வளவு நீளமான ஐந்து விநாடிகளை அவர் கண்டதில்லை.

முயல் இன்னொரு தடவை இருமினான். காரட் துண்டு நாக்கு நுனிக்கு வந்து தட்டில் விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு அதையே எடுத்து மறுபடியும் வாயில் போட்டு, இந்த முறை பொறுமையாக ஈறால் அரைத்து, முழுங்கினான். அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "எம்புள்ள தானாத் துப்பிட்டு தானாத் தின்றான் அண்ணா... தானாவே!"

"அவன் கெட்டிக்காரன்ம்மா. நாமதான் நம்பணும்" என்றார் கப்பல்காரர். சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்கப் போகிறவர் மாதிரி அவசரமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்கடுத்த எடையில் கோடு நிமிர்ந்தது. அதற்கும் அடுத்ததில் நன்றாகவே ஏறியது. நர்ஸ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் ஊறியிருக்கே!" என்றாள். ஆயா அட்டையை வாங்கிக் காப்பகம் முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள்.

புதிதாகச் சேரும் குழந்தைகளின் பெற்றோரை ஒரு சனிக்கிழமை டீச்சர் கூட்டினாள். பேசச் சொல்லிக் கப்பல்காரரைத்தான் கேட்டாள். அவர் பேருந்து ஓட்டுகிறவளைக் கைகாட்டிவிட்டார். அவள் காக்கிச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தாள். பணிமனை மெக்கானிக்குகள், கண்டக்டர்கள், துப்புரவு செய்கிறவர்கள் என்று இருபது பேர் முன்னால் எழுந்து நின்றாள். ஆப்பிள் கதையை மறைக்காமல் சொன்னாள். ஓங்கரிப்பு என்றால் எப்படி இருக்கும், அடைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று பிரித்துச் சொன்னாள். முதுகில் தட்டுவது எப்படி என்று ஒரு பொம்மையைச் சாய்த்துக் காட்டினாள். சாப்பிடும்போது பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் இறங்கவில்லை.

முன்வரிசையில் இருந்த மெக்கானிக் ஒருவர், மடியில் ஆறு மாதப் பெண் குழந்தையோடு கேட்டார்: "உங்களுக்குப் பயமே போயிடுச்சா?"

"எங்க போகும்? இருக்கு. ஆனா இப்ப பயந்துகிட்டே சரியானதைச் செய்யத் தெரியும்."

கப்பல்காரர் கடைசியில் கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கைக்கு மேலே நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அவர் இடுப்பளவு உயரத்தில், கழுத்தில் துணியோடு, முயல் மீன் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முள் இருக்கிறதா என்று அவர் மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்துக் கொடுத்த துண்டு அது. அம்மாவுக்கு எல்லோரும் கை தட்டியதும், மீனை விடாமலே அவனும் தட்டினான்.