பேரோடு ஏறும் படங்கள்

"இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ அக்கா," என்றான் படம் எடுக்க வந்த இன்ஸாப். நிறஞ்சலா கையிலிருந்த டெப்பை உயர்த்திப் பிடித்தாள். அதன் திரையில், வீடியோ அழைப்பில், டொராண்டோவிலிருந்து தங்கை டினோஜா அழுதுகொண்டிருந்தாள்.

அப்பாவின் பெட்டியை மூட முன்னர் குடும்பமாகச் சுற்றி நின்று ஒரு படம். பள்ளிமுனையில் எந்தச் செத்தவீட்டிலும் அது தவறாது. மூத்த பிள்ளை தலைமாட்டில் நிற்க வேண்டும், அங்கேதான் நின்றாள். விசா கிடைக்காமல் வர முடியாத பிள்ளையும் தலைமாட்டில்தான் இருக்க வேண்டும் என்று சித்தப்பாமார் சொல்லிவிட்டார்கள். அதனால் டெப்போடு நின்றாள்.

இன்ஸாப் கமராவைத் திருப்பிக் காட்டினான். தலைமாட்டில் அவளுடைய வெள்ளைச் சேலை, அதற்கு மேலே தங்கையின் முகம். அளவெடுத்து வைத்தது போலப் பொருந்தியிருந்தது. வருடக்கணக்காக அப்பாவின் பீ மூத்திரம் அள்ளியவள் ஒருத்தி, படத்தில் நிற்பவள் இன்னொருத்தி. அழுகை வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

அது இன்று முளைத்த எரிச்சல் அல்ல. அப்பா அமிர்தநாயகம் மீன்பிடிக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஞானஸ்நானமோ கலியாணமோ, யாரும் கூப்பிடாமலே கழுத்தில் கமராவோடு போய் நிற்பார். அந்தப் படங்களையெல்லாம் டினோஜா வாங்கி அனுப்பிய ஒரு மென்பொருளில் அடுக்கி, முகம் முகமாகப் பேர் போட்டு, கீழே ஓரிரண்டு வரி எழுதியும் வைத்திருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அடுத்த ஆசை பிடித்தது. கணினி பழுதாகிப் போனாலும் அழியாதபடி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட வேண்டும். எந்தத் தளத்தில் போடுவது என்பதுதான் வீட்டில் பெரிய பிரச்சினை.

எல்லோருடைய போனிலும் இருக்கிற இலவசத் தளத்தை நிறஞ்சலா சொல்லிப் பார்த்தாள். அது இந்த மென்பொருளோடு சேராது, படம் மட்டும் போகும், பேரும் எழுத்தும் இங்கேயே நின்றுவிடும் என்று அப்பா ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். பிறகு அவளிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாம் டினோஜாவோடுதான். ஒரு தளம் படத்தைச் சுருக்குகிறது, இன்னொன்று தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாக ஆக்கிவிடுகிறது என்று பின்னேரம் முழுக்க இருவரும் போனில் கதைத்துச் சிரிப்பார்கள். நிறஞ்சலா கஞ்சிக் கோப்பையோடு அறை வாசலில் காத்து நிற்பாள். அவளிடம் அவர் கதைத்ததெல்லாம் நோவும் மருந்தும் மூத்திரப் போத்தலும்தான்.

கடைசியில் மென்பொருளோடு ஒத்துப்போகிற தளம் ஒன்று அகப்பட்டது. மாதாமாதம் காசு கட்ட வெளிநாட்டு வங்கி அட்டை வேண்டுமென்பதால் கணக்கு டினோஜாவின் பேரில் திறக்கப்பட்டது. படங்களை ஏற்ற முன்னர் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து, பந்தலில் சனம் கலையத் தொடங்கியபோது டினோஜா மறுபடி கோல் எடுத்தாள். இன்றைய படங்களையும் அப்பாவின் மென்பொருளில் சேர்த்து, ஏற்றும் பொத்தானை அமத்திவிடச் சொன்னாள். பழையதும் புதியதும் ஒன்றாகத் தன் கணக்குக்கு வந்துவிடுமாம். நிறஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவிடமிருந்து தனக்கென்று மிஞ்சியது அந்தப் படங்கள்தான். அதையும் இவள் கொண்டுபோகப் பார்க்கிறாள்.

"நான் போனில இருக்கிறதிலதான் போடப் போறன்."

"அதில போட்டா அப்பா எழுதினதொண்டும் வராது அக்கா."

"வராட்டிப் போகட்டும். படம் வரும்தானே."

"அப்பாவுக்கு அது விருப்பமில்லையெண்டு உங்களுக்குத் தெரியும்."

"அப்பாவின்ர விருப்பத்தை நீ எனக்குச் சொல்லித் தராத டினோ. பக்கத்தில இருந்தது நான்."

டெப்பில் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓம், நீங்கள்தான் இருந்தனீங்கள்," என்றாள் டினோஜா. "அப்பா உங்களிட்ட நோகுதெண்டு சொல்லுறவரோ?"

"ஒவ்வொரு நாளும் சொல்லுறவர்."

"என்னட்ட ஒருநாளும் சொல்லேல்ல. நான் கேட்டாலும் படக் கதைக்கு மாறிடுவார். வீட்டுக்கு வந்த ஆக்களோட கதைக்கிற மாதிரித்தான் என்னோட கதைச்சவர்."

தங்கைக்கும் தன்மேல் பொறாமை இருக்கும் என்று நிறஞ்சலா நினைத்ததேயில்லை. அதுவும் ஒரு மூத்திரப் போத்தலுக்காக. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"சரி. உன்ர பாஸ்வேட்டைச் சொல்லு," என்றாள்.

அப்பாவின் கணினிக்கு முன்னால், அவர் கதிரையில் அமர்ந்து, இன்ஸாப் தந்துவிட்டுப் போன படங்களைத் திறந்தாள். மென்பொருள் முகங்களைத் தேடிச் சதுரம் போட்டு, தெரிந்த முகங்களுக்குத் தானே பேரும் எழுதத் தொடங்கியது. அவளுடைய புருஷனுக்கு 'அலெக்ஸாண்டர்' என்று எழுதியது. டெப்பில் இருந்த முகத்துக்கு 'டினோஜா'. டெப்பின் பின்னால் நின்றவளை அது தேடவில்லை.

கடைசியாக, பெட்டிக்குள் கண் மூடிக் கிடந்த முகத்தில் ஒரு சதுரம் வந்து நின்றது. பேர்களையெல்லாம் போட்டவர் அப்பாதானே. தன் முகத்துக்கு மட்டும் அவர் அமிர்தநாயகம் என்று எழுதியிருக்கவில்லை.

'நான்?' என்று மென்பொருள் கேட்டது. பக்கத்தில் சரி அடையாளமும் பிழை அடையாளமும் இருந்தன.

"ஏறுதோ அக்கா?" என்றாள் டினோஜா.

"பேர் கேக்குது."

"ஆரின்ர பேர்?"

நிறஞ்சலா சரி அடையாளத்தை அமத்தினாள். சதுரம் மறைந்து அடுத்த படம் வந்தது. அதிலும் அதே முகம், அதே கேள்வி.