ஓரம் சிவந்த பிஸ்கட்

போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கும் மொக்கச்சாமி, மலையடிவாரப் பேக்கரிக்காரர் எட்வர்டின் வெண்ணெய் பிஸ்கட்டை ஒடித்துப் பார்த்தார். சத்தமே வரவில்லை.

"ஓரமெல்லாம் வெளுத்துக் கெடக்குண்ணே. ஜீப்புல வர்ற எஸ்டேட் ஆளுக காசிராஜன் பிஸ்கட்டத்தான் கேக்குறாக. ஞாயித்துக்கிழமை வர்றேன். அதுக்குள்ள மொறுமொறுன்னு வரலேன்னா எனக்கும் அங்கதான் சரக்கு."

எட்வர்டின் அடுப்பில் வேகும் பிஸ்கட்டில் பாதி அந்த ஒரு கடைக்குத்தான் மலையேறுகிறது. அது நின்றால் அடுப்பும் நின்ற மாதிரி.

எட்வர்ட் ஏலக்காய் வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவர். சரக்கு அளவுக்கு மீறி அழகாக இருந்தால் சாயம்தான் என்பது அவருக்கு வேதவாக்கு. போட்டிப் பேக்கரிக்காரர் காசிராஜனின் பொட்டலத்தைப் பிரித்தார். சரிகைக்கரை வேட்டி போல ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் பொன்னிறத்தில் ஓரம். ஏலக்காயைச் சோதிப்பது போலவே நனைத்த வெள்ளைக் கைக்குட்டையில் வைத்துத் தேய்த்தார். வெண்ணெய்ப் பிசுக்கைத் தவிர துணியில் ஒன்றும் ஏறவில்லை.

"சுத்தமான சரக்குங்க," என்றாள் மனைவி கிருபாராணி.

"துணிக்கே புடிபடாத சாயம்னா, எம்புட்டுக் களவாணிச் சாயமா இருக்கணும்?"

அடுத்து அடுப்படி வேலையாள் முத்துப்பாண்டி மேல் பாய்ந்தார். "நம்ம பக்குவத்தை அங்க போய்ச் சொல்றியா?"

"சொல்லியிருந்தா அவுக பிஸ்கட்டும்ல வெளுத்திருக்கணும் மொதலாளி."

நேரிலேயே போனார். காசிராஜன் சிரித்த முகமாக அடுப்படிக்கே கூட்டிப்போனதில் சந்தேகம் இரட்டித்தது. அடுப்பிலிருந்து வெளியே வந்த தட்டு கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது. அதன் மூலையில் ஆணியால் கீறிய சிலுவை. ஏலக்காய் வியாபாரத்தோடு பேக்கரியையும் தொடங்கிய எட்வர்டின் அப்பா கீறியது.

"உங்க தட்டுதாண்ணே. பழைய இரும்புக் கடையில வாங்குனேன். கருந்தட்டு சூட்டை வாங்கி ஓரத்துக்குக் குடுக்கும். பளபளத் தட்டு திருப்பி விட்டுரும். புதுத்தட்டுன்னா எண்ணெய் தடவி, மாவு வைக்காம வெறுந்தட்டா நாலு தடவ அடுப்புல போட்டுக் கறுக்கணும்."

ஏலக்காயில் மினுமினுப்புக்குத்தான் மதிப்பு. அந்தக் கண்ணோடுதான் எட்வர்ட் கறுத்ததைத் தள்ளிவிட்டு, முகம் தெரியும் அலுமினியத் தட்டுகளை வாங்கியிருந்தார். இரும்புக்கடைக்காரன் தலையில் கட்டிவிட்டேன் என்று அன்று வீட்டில் பெருமை வேறு.

"இத எதுக்கு எங்கிட்டச் சொல்ற?"

"நீங்கதான் எதையும் நம்ப மாட்டீகளேண்ணே."

நம்பவில்லைதான். தட்டைக் கெடுக்கச் சதி என்றே தோன்றியது. ஆனாலும் ஒரே ஒரு தட்டை மட்டும் எண்ணெய் தடவிக் கறுக்க வைத்தார். அதில் வெந்தவற்றின் ஓரம் பொன்னாய்ச் சிவந்தது. மிச்சத் தட்டுகளும் அன்றைக்கே கறுத்தன.

ஞாயிற்றுக்கிழமை மொக்கச்சாமி பிஸ்கட்டை ஒடித்தார். 'மொடுக்'கென்றது. அவர் முகம் மலரவில்லை; கண்தான் சுருங்கியது.

"நாலே நாள்ல எப்படிண்ணே? கலர் எதுவும் போட்டீகளா?"

தண்ணீர்ச் செம்பில் தன் துண்டின் நுனியை நனைத்து பிஸ்கட் ஓரத்தில் தேய்த்தார். எட்வர்டும் குனிந்து பார்த்தார். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

"சரி, நாளைக்கு ஜீப்புல ஏத்திவிடுங்க," என்ற மொக்கச்சாமி, துண்டைத் தோளில் போடவில்லை. மேலே போய் வெயிலில் இன்னொரு தரம் பார்க்க, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.