இறங்குகிற வண்டிகள்

ஏற்காடு கோடை விழா வாரத்தில்தான் சத்யராஜ் வந்து, எங்கள் காப்பித் தோட்டத்து ஓரம் நின்ற சில்வர் ஓக் மரத்தில் கேமராவைக் கட்டினார். மின்சார வண்டிகளுக்கு எங்கெங்கே சார்ஜ் நிலையம் வைக்கலாம் என்று கணக்கெடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. கேமரா, பச்சை நம்பர் பலகை மாட்டிய மின்சார வண்டிகளை மட்டும் பொறுக்கி எண்ணியது. எங்கள் கொட்டச்சேட்டு ரோட்டில் அந்த வாரம் வண்டிக்கா பஞ்சம்?

வாரக் கடைசியில் லேப்டாப்பைத் திருப்பி மலையின் வரைபடத்தைக் காட்டினார். வண்டி அதிகம் போன இடமெல்லாம் சிவப்பு. மலையிலேயே எங்கள் வாசல்தான் அதிகம் சிவந்திருந்தது.

"இந்த ஸ்பாட்டை விட்டா வேற இடமே இல்ல சார். சார்ஜ் ஆகிற ஒவ்வொரு வண்டிக்கும் உங்களுக்குப் பங்கு."

என் வீட்டுக்காரர் பெரியநாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏனுங்க, ரோட்டோரத்துக் காப்பிதானுங்க நல்லா காய்க்குது. அதையா புடுங்கோணும்?" என்றேன்.

"கம்ப்யூட்டரே சொல்லுது தேவகுமாரி. நீ என்னத்தக் கண்ட?"

பழம் சிவக்கிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. ஜேசிபி வந்தது. நான் கல்யாணமாகி வந்த வருஷம் என் கையால் குழி பறித்து நட்ட செடிகள் பச்சைக் காயோடு புரண்டு கிடந்தன. அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்த இடத்தில் காங்கிரீட் போட்டு மெஷினை நட்டார்கள்.

விழா இல்லாத நாளில் எங்கள் ரோட்டில் என்ன ஓடும்? நாலு பஸ், எஸ்டேட் ஜீப், பால் வண்டி. எல்லாம் டீசல். மெஷின் நிழலில் நாய் படுத்துக்கொண்டது.

"மே மாசம் விழா வரட்டும், பாரு" என்றார் இவர்.

மே வந்தது. விழா நாட்களில் போலீஸ் ரோட்டை ஒருவழியாக்கிவிடும். சேலத்திலிருந்து ஏறுவது பெரிய ரோட்டில், இறங்குவது எங்கள் வழியாக. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆனால் அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் உண்டென்று கம்பெனிக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வண்டிகள் வரிசை கட்டிப் போயின. கடைசியில் ஒரு கார் நின்றது. ஓடினேன்.

"சார்ஜ் போடறீங்களா தம்பி?"

"இல்லக்கா, பாத்ரூம் இருக்கான்னு கேக்கத்தான் நிறுத்தினேன். இறக்கத்துல பிரேக் புடிச்சாலே பேட்டரி தானா ஏறிக்கும்."

இவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேன்.

ஆடியில் சத்யராஜ் ஆட்களோடு வந்து மெஷினைக் கழற்றினார். ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வைக்கப் போகிறார்களாம். ஏறி வந்த வண்டிகள் நிற்கிற இடம்.

"இந்தக் காங்கிரீட்டையும் பேத்து எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

"அது எங்க கான்ட்ராக்ட்ல வராது மேடம்." கிளம்பும்போது கையைக் கூப்பினார். நடிப்பில்லை, நிஜமான நன்றி. "உங்க இடத்து டேட்டா எங்களுக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு. இறங்கற வழியில வைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இனி எந்த மலையிலயும் இந்தத் தப்பு நடக்காது."

"நொம்ப சந்தோசமுங்க" என்று இவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

கம்பெனிக்காரனைக்கூட மறந்துவிடுவேன். இவர் போட்ட அந்தக் கும்பிட்டை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.